கடல் பக்கத்துச் சன்னல்

ஃபோஸ்கோ அந்தச் சன்னல்களைத் திறந்தது, வந்தவர்களுக்குத் தீவுகளைக் காட்டுவதற்காக. வேறு எதற்காகவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. ஏனென்றால் அதற்கப்புறம் இந்த விஷயத்தை அவன் பல மாதிரி சொல்லிவிட்டான்.

சல்மாஸ்த்ரா பண்ணையின் மச்சுக்கு இரண்டு பக்கமும் சன்னல்கள் உண்டு. மலைப் பக்கத்துச் சன்னல்கள் அறுவடை முடிந்த நாளிலிருந்து திறந்தே கிடக்கும். கடல் பக்கத்துச் சன்னல்கள் மூடியே இருக்கும். நாணல் தட்டிகளில் திராட்சைக் குலைகளைப் பரப்பி வாடவைக்கிற இடம் அது. மலையிலிருந்து இறங்கும் காற்று குலையை உலர்த்தும். கடலிலிருந்து வரும் லிபெச்சோ காற்று இருக்கிறதே, அது ஈரத்தையும் உப்பையும் சுமந்துகொண்டு வந்து எல்லாவற்றையும் பிழியாத துணி மாதிரி ஆக்கிவிடும். கீழே தொட்டியில் புது ஒயின் நுரைத்து அடங்குகிற சமயம் பார்த்து, வாடிய குலைகளைப் பிழிந்து அதில் விட்டால், அடங்கினது மறுபடி மெதுவாக எழும்பும். எங்கள் சிவப்பு ஒயின் தொண்டையில் உறுத்தாமல் இறங்குவது அதனால்தான். மற்றப் பண்ணைக்காரர்கள் விலையுயர்ந்த பீப்பாய்களை வாங்கி அடுக்கினார்கள். நாங்கள் மச்சைக் காவல் காத்தோம்.

காவல் என்றால் இசோலினாதான். ஃபோஸ்கோவின் அண்ணன் லோரிஸின் மனைவி. லோரிஸ் டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போன பிறகு கொடி, தொட்டி, பீப்பாய், மச்சு எல்லாம் அவள் கைக்கு வந்தது. காகிதத்தில் யாருக்கு என்ன பங்கு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அங்கே சமையல்காரி. நிலவறை இசோலினாவுடையது, வாசல் ஃபோஸ்கோவுடையது என்றுதான் எங்களுக்குத் தெரியும். வருகிறவர்களைக் கைகொடுத்து வரவேற்பது, புட்டியில் என்ன படம் போடலாம் என்று யோசிப்பது, ஊர் ஊராக விமானத்தில் போய் ஒயினைப் பற்றிப் பேசுவது, இதெல்லாம் அவன் வேலை. அதிலும் கெட்டிக்காரன்தான். இல்லையென்று சொல்லமாட்டேன்.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் இசோலினாவின் மகளுக்குப் பீசாவில் பட்டமளிப்பு. அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை. தலையில் லாரல் இலைக் கிரீடம் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க அம்மா போகாமல் இருப்பாளா? வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு வரைக்கும் மகளோடு தங்கிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். போவதற்கு முன்னால் மச்சுக்கு ஏறி ஒவ்வொரு சன்னலையும் கையால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

சனிக்கிழமை மத்தியானம் டென்மார்க்கிலிருந்து வியாபாரி ஒருவர் மனைவியோடும் இரண்டு நண்பர்களோடும் வந்தார். ஃபோஸ்கோ அவர்களை மச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேலேயே காப்பி வேண்டும் என்று ஆள் அனுப்பினான். நான் தட்டை எடுத்துக்கொண்டு ஏறிப் போனால், கடல் பக்கத்துச் சன்னல்கள் எல்லாம் பப்பரப்பே என்று திறந்து கிடக்கின்றன. வெயில் அடிக்கிறது, ஜிலியோ தீவு கையால் தொடலாம் போலத் தெரிகிறது. அந்த அம்மாள் சன்னலில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அவங்க இறங்கினதும் மூடிடுங்க. காத்து மாறும்போல இருக்கு," என்றேன்.

"தெரியும் செலிந்தா. நானும் இந்த வீட்ல பொறந்தவன்தான்," என்றான் ஃபோஸ்கோ, சிரித்துக்கொண்டே. பிறகு அவர்களைப் பார்த்து ஏதோ சொன்னான், அவர்களும் சிரித்தார்கள்.

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கழுவிவைத்துவிட்டு, கடைசிப் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். அவன் அவர்களைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு மீன் சாப்பிடப் போனான். மூடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் எழுந்தது லிபெச்சோ. ஞாயிறு முழுக்க வீசியது. ஃபோஸ்கோவும் துறைமுகத்திலிருந்து திரும்பவில்லை, பண்ணையில் ஈ காக்கை இல்லை. திங்கட்கிழமை காலையில் இசோலினா மச்சுக் கதவைத் திறந்தபோது நான் அவள் பின்னால்தான் நின்றேன். கதவைத் திறந்ததுமே அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. பழைய பாதாள அறையில் நனைந்த அட்டைப் பெட்டிகள் கிடந்தால் வருமே, அது. தட்டிகளில் குலைகள் வியர்த்துக்கொண்டு கிடந்தன. காம்போரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை முளைத்திருந்தது. சில குலைகளில் எலிக்குஞ்சின் மயிர் மாதிரி அடர்ந்திருந்தது.

அவள் ஒரு குலையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அடுத்த தட்டி, அதற்கடுத்த தட்டி என்று கடைசி வரைக்கும் போனாள். திரும்பி வந்து, "யாரு?" என்று கேட்டாள்.

சொன்னேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

அவளே அவனிடம் தனியாகப் பேசியிருப்பாள். பேச விட்டால்தானே. மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த நீள மேசையில் வேலைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். காய்ந்த ரொட்டி போட்டு வெங்காயச் சூப் வைத்திருந்தேன். ஒரு பக்கம் அர்ஜியாவும் வெல்லேதாவும்; கொடியில் குலை பறிப்பதும் தட்டியில் பரப்புவதும் அவர்கள் கைதான். எதிரே டிராக்டர் ஓட்டும் தெல்ஃபோ. ஃபோஸ்கோ மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னான்:

"மச்சுல எல்லாம் பூத்துப்போச்சு. கேள்விப்பட்டிருப்பீங்க. என்ன பண்றது, பாத்துக்க வேண்டியவங்க விருந்துக்குப் போயிட்டாங்க. போறப்போ சன்னலைப் பாக்கலை. தப்பு நடக்கறதுதான். யாரும் அண்ணியை ஒண்ணும் சொல்லாதீங்க."

கேட்டீர்களா, கண்ணுகளா? யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள் என்கிறான். பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டு, அதற்கு மேலே மன்னிப்பையும் தூவுகிறான், சூப்பின் மேல் சீஸ் தூவுகிற மாதிரி.

இசோலினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் மூடிட்டுத்தான் போனேன்," என்றாள்.

"மூடினதா நினைச்சிருப்பீங்க."

"தம்பி," என்றேன் நான், சூப்புப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே. "சனிக்கிழமை நீங்க திறந்தீங்க. காப்பி கொண்டுவந்தேன், பாத்தேன். மூடச் சொன்னேன்."

"நான் திறந்தது மலைப் பக்கம் செலிந்தா. உனக்குக் கண்ணுல புரை விழுந்திருக்குன்னு டாக்டரே சொன்னாரில்ல. பாவம், வயசாயிடுச்சு."

"மலைப் பக்கத்துலேருந்து ஜிலியோ தெரியுதா முதலாளி?" என்றாள் வெல்லேதா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

தெல்ஃபோவுக்குப் புரையேறியது. ஃபோஸ்கோ எழுந்து போய்விட்டான். அர்ஜியா மட்டும், தலையைக் குனிந்துகொண்டு, "இசோலினாக்கா, உண்மையா மறந்திருப்பீங்களோ? பொண்ணு பட்டம் வாங்குற சந்தோஷத்துல..." என்று இழுத்தாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் இசோலினாவின் முகம் மாறியது. எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று தட்டி பரப்பியவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டதே.

சாயங்காலம் நிலவறை வாசலில் அவனைப் பிடித்தாள். நான் புட்டி எடுக்கப் போனவள், அங்கேயே நின்றுவிட்டேன்.

"நீதான் திறந்தேன்னு அந்த மேசையில சொல்லு. அதே ஆளுங்க முன்னால. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"அண்ணி, சின்ன விஷயத்தை..."

"சின்ன விஷயம்தானே. சொல்லேன்."

"சரி சரி, சொல்றேன். இப்போ அதுவா முக்கியம்? டேனிஷ்காரர் புனித மார்த்தீனோ நாளைக்கு வர்றாரு, குலை பிழியறதைப் பாக்கணுமாம். அதையெல்லாம் எடுத்துப் பிழிஞ்சு விட்டுடுங்க. தொட்டியில போனா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள் இசோலினா.

நவம்பரில் புனித மார்த்தீனோ நாள் வந்தது. டேனிஷ்காரர் கழுத்தில் காமிராவோடு வந்து நின்றார். முற்றத்தில் செஸ்ட்நட் கொட்டை வறுபடுகிற வாசனை. பிழியும் யந்திரத்தைக் கழுவி வைத்திருந்தார்கள்.

எங்கள் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. லோரிஸின் அப்பா வைத்தது. பிழிவதற்கு முன்னால் வீட்டுக்காரர் ஒருவர் மச்சிலிருந்து ஒரு குலையைக் கொண்டுவரச் சொல்லி, எல்லார் முன்னாலும் நின்று தின்ன வேண்டும். தன் வாயில் வைக்காததைத் தொட்டியில் விடக்கூடாது என்பதுதான் கணக்கு. நல்ல வருஷத்தில் அது வெறும் விளையாட்டு, சிரித்துக்கொண்டே தின்பார்கள். லோரிஸ் இருந்தவரை லோரிஸ் தின்றான். அதற்கப்புறம் இசோலினா.

அன்றைக்கு இசோலினா ஒரு வெள்ளைத் தட்டில் குலையை வைத்து எடுத்துக்கொண்டு வந்து ஃபோஸ்கோ முன்னால் நீட்டினாள். சாம்பல் பூத்த குலை.

"இந்த வருஷம் நீ சாப்பிடு. நீதானே பிழியச் சொன்னே."

முற்றத்தில் எல்லாரும் நின்றோம். அவன் சாப்பிடமாட்டான், முகத்தைச் சுளித்துக்கொண்டு தட்டைத் தள்ளுவான், பிழிகிற பேச்சு அதோடு முடியும் என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் தட்டை வாங்கினான். டேனிஷ்காரரைப் பார்த்து, "எங்க குடும்ப வழக்கம்," என்றான். ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டான். இன்னொன்று. பூஞ்சையைக்கூடத் துடைக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, சிரிப்பு மட்டும் உதட்டை விட்டு இறங்கவில்லை. காம்பு மட்டும் மிஞ்சும்வரை தின்று, அதையும் தட்டில் வைத்து, "தேன் மாதிரி இருக்கு," என்றான்.

டேனிஷ்காரர் கைதட்டினார்.

மனுஷன் ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதில் விஷத்தைத் தின்பான் போலிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது, கண்ணுகளா. நான்தான் திறந்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைவிட அந்தக் குலை அவனுக்கு லேசாக இருந்திருக்கிறது.

"சாப்டேன் அண்ணி. வழக்கம் முடிஞ்சுது. பிழியுங்க."

"ஒரு குலைதானே சாப்டே," என்றாள் இசோலினா. "மேலே மச்சு முழுக்க இருக்கு. வா, உக்காந்து சாப்பிடு. நீ முடிக்கறவரைக்கும் நாங்க காத்திருக்கோம்."

வெல்லேதா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அர்ஜியா ஏப்ரனை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படியேறினாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. வெல்லேதா அவள் பின்னால். இசோலினா அவர்களுக்குப் பின்னால். தெல்ஃபோ கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு எருவண்டியைப் பின்னுக்கு ஓட்டிக்கொண்டு வந்து மச்சுக்குக் கீழே நிறுத்தினான்.

"இங்கன எதுக்குடா நிறுத்தறே?" என்று ஃபோஸ்கோ கேட்டான்.

"விழுறது தரையில விழுந்தா நான்தானே முதலாளி கூட்டணும்," என்றான் தெல்ஃபோ.

முதல் தட்டி சன்னல் வழியாகக் கவிழ்ந்தது. அப்புறம் அடுத்தது. குலைகள் சொத்துச் சொத்தென்று எருவின் மேல் விழுந்தன. ஃபோஸ்கோ, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டு ஓடினான், பாதிப் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், தின்ற குலை தன் வேலையைத் தொடங்கியிருந்தது. டேனிஷ்காரர் மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். இதுவும் வழக்கத்தில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

அந்த வருஷத்து ஒயினில் வாடிய குலை சேரவில்லை. இசோலினா அதை அப்படியே பீப்பாயில் இறக்கி, குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மேசையில் ஃபோஸ்கோ ஒன்றும் சொல்லவில்லை. குளிர் போனது, பனி போனது, சொல்லவில்லை. அவள் மறுபடி கேட்கவும் இல்லை. ஆனால் அவன் உட்காரும் மேசையில் அவள் அதற்கப்புறம் உட்காரவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். "உக்காருடி," என்று நான் சொன்னால், "சொல்லட்டும், உக்காந்துக்கறேன்," என்பாள்.

பீப்பாயில் கிடக்க வேண்டிய காலம் கிடந்துவிட்டு அந்த ஒயின் புட்டிக்கு வந்தது. குடித்தவர்கள் எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். ஒல்லியாக, நேராக, கடல்கல்லை நாக்கால் தொட்டது போல இருக்கிறதாம். வழவழப்பு இல்லாததுதான் அழகாம். பத்திரிகைகளில் எழுதினார்கள். மே மாதம் முற்றத்தில் பெரிய விருந்து வைத்தான் ஃபோஸ்கோ. வெளிநாட்டுக்காரர்கள், எழுதுகிறவர்கள், டேனிஷ்காரரும் இருந்தார். நானும் அர்ஜியாவும் காட்டுப்பன்றி இறைச்சியைப் பரிமாறிக்கொண்டிருந்தோம். இசோலினா ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

யாரோ ஒருவர் கேட்டார், வாடிய குலையைச் சேர்க்காமல் விட எப்படித் தைரியம் வந்தது என்று. ஃபோஸ்கோ நாற்காலியில் சாய்ந்தான்.

"உண்மையைச் சொல்லவா? ஒரு சன்னல் செஞ்ச வேலை. இதோ, இவருக்குத் தீவைக் காட்டறதுக்காகத் திறந்தேன். மூட மறந்துட்டேன்." அவன் டேனிஷ்காரரின் தோளைத் தட்டினான். "காத்து வந்து எல்லாத்தையும் கெடுத்துடுச்சு. அப்போதான் தோணுச்சு, வேண்டாம், சும்மா விடுவோம், கடலே முடிவு பண்ணட்டும்னு. மறதியிலேருந்து பிறந்த ஒயின்."

மேசை முழுக்கச் சிரித்தது. கண்ணாடிக் கோப்பைகளை உயர்த்தினார்கள். ஒருவர் அந்தக் கடைசி வார்த்தையைக் குறித்துக்கொண்டார்.

இத்தனை நாள் கழுத்தை நெரித்தாலும் வராத வார்த்தை, இப்போது வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் இப்போது அதில் அவனுக்குப் பெருமை. தப்பும் அவனுடையதாம், அதைத் திருத்தின புத்தியும் அவனுடையதாம்.

இசோலினா ஊற்றிக்கொண்டிருந்த கோப்பையை முழுசாக ஊற்றி முடித்தாள். புட்டியின் வாயைத் துடைத்தாள்.

"அன்னைக்கு அது நான்னு சொன்னியே ஃபோஸ்கோ," என்றாள். "அதையும் சேர்த்துச் சொல்லு."

"எங்க அண்ணி," என்றான் அவன் விருந்தாளிகளிடம், "ரொம்ப ஞாபகசக்தி."

மறுபடியும் சிரிப்பு. அவள் புட்டியை மேசையில் வைத்தாள். நிலவறைச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். ஏப்ரனை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வாசல் வழியாக நடந்து போனாள். விருந்தாளிகள் போகிற அந்தப் பெரிய வாசல் வழியாக.

என் வீட்டு மாடியறை காலியாகத்தான் இருந்தது. அங்கே வந்து தங்கினாள். நானும் அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. என் கண் புரையோடு எனக்கு எதற்கு அந்தச் சமையலறை.

ஃபோஸ்கோ ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தான். நாங்கள் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அவன் நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணி, என்னதான் வேணும் உங்களுக்கு? சொல்லணும்னீங்க, சொன்னேன். எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

"எல்லாரும்னா யாரு?"

"விருந்தாளிங்க எல்லாரும். பத்திரிகைக்காரங்க. நாளைக்கு ஊரே படிக்கப்போகுது, நான் திறந்தேன்னு."

"தப்பு என்னுதுன்னு நீ சொன்னப்போ யார் யாரு இருந்தாங்க?"

அவன் யோசித்தான். நடிப்பு இல்லை, நிஜமாகவே யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. அந்த மேசையில் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகம் அவன் மண்டையில் இல்லவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. பட்டாணித் தோலை வாளியில் கொட்டுகிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

"அர்ஜியா இருந்தா," என்றாள் இசோலினா. "நான் மறந்திருப்பேனோன்னு இன்னைக்கு வரைக்கும் அவ மனசுல ஒரு ஓரத்துல கிடக்கு. வெல்லேதா இருந்தா. தெல்ஃபோ இருந்தான். இதோ செலிந்தாக்கா இருந்தாங்க, கண்ணு தெரியாதுன்னு சொன்னே. இவங்ககிட்டப் போய்ச் சொல்லு. சிரிக்காம சொல்லு. நாளைக்கே வேலைக்கு வர்றேன்."

"அவங்ககிட்டயா?" ஃபோஸ்கோவுக்குப் புரியவே இல்லை. "வேலை செய்யறவங்க அண்ணி அவங்க. அவங்ககிட்ட என்னத்தப் போய்ச் சொல்றது?"

இசோலினா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவைத் திறந்து பிடித்தாள்.

இப்போது அவள் கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஓர்மெயா என்கிற விதவையின் பண்ணையில் இருக்கிறாள். சின்னப் பண்ணை, கடலும் தெரியாது. அறுவடைக்கு ஃபோஸ்கோ கூப்பிட்டபோது அர்ஜியாவும் வெல்லேதாவும் போகவில்லை. வெல்லேதா தொலைபேசியிலேயே, "எங்ககிட்ட என்னத்தப் போய்ச் சொல்றது முதலாளி, வேற ஆளப் பாருங்க," என்றாளாம். தெல்ஃபோ மட்டும் அங்கேயே இருக்கிறான், வீட்டில் படிக்கிற பிள்ளைகள், அவனைக் குறை சொல்லமாட்டேன். அவன் வந்து சொல்வதை வைத்துத்தான் எங்களுக்குச் சேதி.

ஃபோஸ்கோ அந்தக் கதையை விடவில்லையாம். வருகிறவர்களையெல்லாம் மச்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்கிறானாம். இப்போது அந்தக் கதையில் காற்று அடிக்கும்போது அவனே தனியாக மேலே நின்றுகொண்டிருக்கிறான். அவனே தட்டிகளைத் தூக்கி வெளியே எறிகிறான். காப்பி கொண்டுவந்த ஆள் இல்லை. அண்ணி என்று ஒருத்தி அந்தக் கதையில் எங்கேயும் இல்லை.

இதைக் கேட்டபோது இசோலினா பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். "அப்படியா," என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடியில் வேலை இருக்கிறதென்று போய்விட்டாள். அவளுக்கு ஆறிவிட்டதோ என்னவோ. எனக்கு ஆறவில்லை, கண்ணுகளா.